விருந்தாளிக்குச் சொல்லக் கூடாதவை

லேமினேட் செய்த ஒரு தாள், நான்கு மூலையிலும் டேப்பைப் பிய்த்த தடம். வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்க வேண்டிய தாள் அது. நான் போகும்போதெல்லாம் வீட்டுக்காரம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்தான் கிடக்கும்.

அப்போது நான் அட்மின் பிரிவில் இருந்தேன். மெஷின் பொருத்த இத்தாலியிலிருந்து வரும் டெக்னீஷியன்களுக்கு இடம், சாப்பாடு, வண்டி எல்லாம் என் தலையில்தான். ஹோட்டல் அலுத்துப்போய் அவர்கள் வீடாகக் கேட்டதால் இது அமைந்தது. வீட்டுக்காரம்மா கணவரை இழந்தவர். நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போக, மிஞ்சியது வீடு ஒன்றுதான். முன்பக்கத்தை எங்களுக்கு விட்டுவிட்டு, பின்கட்டில் இருந்துகொண்டு அவரே சமைத்தும் போட்டார். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி, சுங்குவார்சத்திரத்தில் குடியிருந்த மகன் நச்சரித்துக்கொண்டிருந்தான். "ஆள் வந்துகினு கீற வரைக்கும் அவன் வாயைத் தொறக்க மாட்டான் தம்பி. கம்பெனி வுட்டுச்சுன்னா என் கதை முடிஞ்சுது" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அந்தத் தாளுக்கு மூலமே ஓர் இத்தாலிக்காரர்தான். முதலில் வந்த குழுவில் மூத்தவர். அவருடைய அம்மா ஏதோ மலையடிவாரக் கிராமத்தில், ஆலிவ் தோப்புக்கு நடுவே, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வீடு விடுகிறாராம். தங்குபவர்களுக்காக அந்த அம்மா எழுதிவைத்த நாலு பக்க அறிவுரையை போனில் காட்டி, ஒவ்வொன்றாக எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஹீட்டரையும் அடுப்பையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போய்விடும். கழிவறையில் கண்டதையும் போடாதீர்கள், தொட்டி அடைத்துக்கொள்ளும். ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும். அடப்பாவி, அங்கேயும் தேளா என்று வாயைப் பிளந்தேன். கடல் தாண்டிப் போனாலும் கிராமத்து வீடு கிராமத்து வீடுதான் போலும். அன்றைக்கே ஆபீசில் உட்கார்ந்து, குரங்கையும் கொசுவையும் சேர்த்து, நம் ஊருக்குத் தகுந்தபடி மாற்றி அடித்துக் கொண்டுபோய் ஒட்டினேன்.

மறுவாரம் போனால் தாளைக் காணோம். வீட்டுக்காரம்மா கொஞ்சமும் அசரவில்லை. "இன்னா தம்பி நீ, வந்தவங்களைப் பாத்து இதைத் தொடாத, அதைச் செய்யாதன்னா, ஏன்டா வந்தேன்னு கேக்கற மாதிரி இல்ல? நம்ம வூட்டுத் தொல்லையை நாமதான் பாத்துக்கணும்" என்றார். சும்மா சொல்லக்கூடாது, பார்த்தும் கொண்டார். அவர்கள் போட்டது போட்டபடி விட்டுப்போன கெய்சரை அணைப்பார், ஜன்னலைச் சாத்துவார். விடிந்ததும் வராந்தாவில் கிடக்கும் ஷூக்களை ஒவ்வொன்றாகப் படியில் தட்டி, ஜோடி சேர்த்து வைப்பார். இது எதுவுமே அவர்களுக்குத் தெரியாது. நான் கண்டிப்பாக இருந்திருக்க வேண்டும். அவர் போட்ட மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு மழைக்காலத்தில், சொந்தத்தில் காதுகுத்து என்று முதல் நாளே கிளம்பிப் போனார். சமையலுக்கு மாற்று ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். ஷூவைத் தட்டச் சொல்ல மறந்துவிட்டார். காலையில் ஓர் இளம் டெக்னீஷியன் காலை உள்ளே விட்டான். தேள் கொட்டிவிட்டது.

பையன் இரண்டே நாளில் தேறிவிட்டான். கம்பெனிதான் விடவில்லை. விசாரிக்க எங்கள் மேனேஜரே வந்தார். நான் முன்னாடியே போய், "அக்கா, கேட்டா தாள் ஒட்டித்தான் இருந்துச்சு, காத்துல விழுந்துடுச்சுன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினேன். தலையாட்டினார். வந்தவர் என்னைத்தான் முதலில் பிடித்தார். "நீ நோட்டீஸே ஒட்டலை. ஃபைல்ல மட்டும் ஒட்டினதா எழுதி வெச்சிருக்கே. உன்னை நம்பி எப்படிய்யா வேலையைக் குடுக்கறது?" என்று கத்தினார். அடுப்படியிலிருந்து வீட்டுக்காரம்மா வெளியே வந்தார். "தம்பி ஒட்டிச்சு சார். நான்தான் எடுத்து உள்ள வெச்சேன். அது மேல தப்பு இல்ல" என்றார். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த மாதத்தோடு கம்பெனி வீட்டைக் காலி செய்தது. அவருக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. பேசினால் என் வேலையும் போகும் என்ற பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது. இன்று கம்பெனி விருந்தினர்கள் அடுக்குமாடி அபார்ட்மென்டில் தங்குகிறார்கள். அறைக்கு அறை நான் எழுதிய அறிவுரை தொங்குகிறது, யாரும் அதைக் கழற்றுவதில்லை.

போன மாதம் சுங்குவார்சத்திரத்தில் மகன் வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்தேன். மூன்றாவது மாடி. பழைய வீட்டை விற்றாயிற்று. மகனும் மருமகளும் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். ஹாலில் கட்டில் ஓரமாக, பாதி இடம்கூட எடுத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். எப்படி இருக்கீங்க அக்கா என்றேன்.

"எனக்கு இன்னா தம்பி கொறை. நல்லாத்தான் பாத்துக்கறாங்க. மோட்டாரைத் தொடக் கூடாது, கேஸைப் பத்தவைக்கக் கூடாது, பால்கனிக் கதவைத் தொறக்கக் கூடாது, எல்லாம் வந்த அன்னிக்கே சொல்லிட்டாங்க. எத்தினி நாளைக்குத் தங்கலாம்னுதான் இன்னும் சொல்லலை."