மூணு நிமிஷ அக்கா

"நான் விழுந்துட்டேன். மூச்சு இல்ல. ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு, நூலகத்தின் வாசிப்பு மேசை முன் இருந்த நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார் அக்கா. தரையில் படுப்பதில்லை. முழங்கால் வலி, படுத்தால் எழுந்திருப்பதற்குள் அடுத்த கட்டடத்துக்கு நேரமாகிவிடும். புத்தகம் பதிவு செய்யும் பெண் ஒரு கணம் விழிக்கிறாள். பிறகு நாளிதழ் அடுக்கைச் சுற்றி ஓடி, சுவர்ப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கருவியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நிற்கிறாள்.

"ஐம்பத்தெட்டு செகண்ட். பொழைச்சுட்டேன். ஆனா ஆம்புலன்சுக்கு யார் போன் பண்றது? என் நெஞ்சை யார் அமுக்கறது? கத்தி ஆளைக் கூப்பிடணும்மா. லைப்ரரின்னு பாக்காத."

தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்வு கொடுத்து ஒழுங்குக்குக் கொண்டுவரும் கருவி அது. வாயில் நுழையாத பெயரை விட்டுவிட்டு எல்லாரும் ஷாக் பெட்டி என்கிறார்கள். பள்ளிகள், நூலகம், நீச்சல் குளம், பேருந்து நிலையம் என்று நாற்பத்தொரு கட்டடங்களில் இருக்கிறது. மாதம் ஒரு முறை ஸ்கூட்டரில் போய் அத்தனையையும் பார்த்து வருவது அவர் வேலை. நகராட்சி வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்த வேலை. விழுந்த ஆளிடம் பெட்டி மூன்று நிமிடத்துக்குள் வந்தாக வேண்டும் என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி, பெயரே மூணு நிமிஷ அக்கா என்றாகிவிட்டது.

முதலில் கருவியில் பச்சை விளக்கு மின்னுகிறதா என்று பார்ப்பார். பிறகு நெஞ்சில் ஒட்டும் பட்டைகளின் காலாவதித் தேதி. கடைசியாகச் சவரக்கத்தி. நெஞ்சில் முடி அடர்த்தியாக இருந்தால் பட்டை சரியாக ஒட்டாது, அதற்காகப் பெட்டிக்குள் ஒன்று வைத்திருப்பார்கள். பேருந்து நிலையத்தில் அது மட்டும் அடிக்கடி காணாமல் போகும். "அங்க பெட்டியைத் திறக்கவே வேணாம். டைம் கீப்பர் முகத்தைப் பாத்தா போதும். மழமழன்னு இருந்தா புதுசு ஒண்ணு வெச்சுட்டு வந்துடுவேன்."

திருட்டைக்கூட அவர் பொறுத்துக்கொள்கிறார். அக்கறையைத்தான் பொறுப்பதில்லை. ஓர் அலுவலகத்தில் தூசி படக்கூடாது என்று தடித்த துணியில் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். விளக்கு எரிகிறதா என்றே தெரியவில்லை. உறையைக் கழற்றி மடித்து மேலாளர் கையில் கொடுத்தார். "உங்க தலைகாணிக்கு வெச்சுக்கோங்க சார்."

வீட்டில் யாராவது இப்படி இறந்தார்களா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நானும் கேட்டேன். "ஏன், வீட்ல ஆள் போனாத்தான் வேலையை ஒழுங்கா பாக்கணுமா?" என்றார். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் கணவர் கல்லுப்போல இருக்கிறார். அவருக்கு ஒரே ஒரு குறை. "சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனா படத்தைப் பாக்க மாட்டா. பெட்டி எந்தச் செவுத்துல இருக்குன்னு தேடிட்டு வந்து, இன்டர்வெல்ல சீட்டுல உக்காருவா."

அன்று கடைசியாகப் போனது ஒரு பள்ளிக்கூடம். அங்கே முதல் மாதம் பெட்டி வர ஏழு நிமிடம் ஆனது. அடுத்த மாதம் ஒன்பது. தொடர்ந்து மூன்று முறை தவறினால் பெட்டியை எடுத்துப்போய், காத்திருக்கும் வேறு இடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று விதி இருக்கிறது. இதுவரை ஓரிடத்திலும் அவர் அப்படிச் செய்ததில்லை.

தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். "விழுந்துட்டேன்."

பள்ளி உதவியாளர் அசட்டுச் சிரிப்போடு மைதானத்துக்கு ஓடினார். சாவி உடற்கல்வி ஆசிரியரிடம். பெட்டி தலைமையாசிரியை அறையில், இரும்பு அலமாரிக்குள். சாவி வந்து, அலமாரி திறந்து, கருவி அக்கா மடிக்கு வந்தபோது எட்டு நிமிடம்.

"நான் போய்ச் சேந்து ரொம்ப நேரமாச்சு மேடம்" என்றார் அக்கா, பின்னாலேயே வந்த தலைமையாசிரியையிடம்.

"வெளிய வெச்சா பசங்க நோண்டுவாங்க. தொலைஞ்சா யார் பதில் சொல்றது? ஸ்டாக் ரெஜிஸ்டர்ல இருக்கறது என் கையெழுத்து. ரிட்டயர் ஆக இன்னும் ஏழு மாசம். கடைசி நேரத்துல ஒரு விசாரணை, அது இதுன்னு என்னால அலைய முடியாதும்மா."

"அப்ப நான் எடுத்துட்டுப் போறேன். மார்க்கெட்ல ஒரு வருஷமா கேக்கறாங்க."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. எனக்கும் நிம்மதி."

அந்தப் பதிலை அக்கா எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. திரும்பப் பெறும் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். அப்போது இடைவேளை மணி அடித்தது. வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் கொட்டினார்கள். இரண்டு பேர் அவர் காலைத் தாண்டிக் குதித்து ஓடினார்கள்.

"மொத்தம் எத்தனை பேர்?"

"எண்ணூத்துப் பத்து. டீச்சருங்க முப்பத்தி நாலு" என்றார் உதவியாளர்.

அக்கா படிவத்தில் எதுவும் எழுதவில்லை. மைதானத்தைப் பார்த்தபடியே அதை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "அந்த ரெஜிஸ்டரைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்கண்ணே. ஒரு ஸ்கேலும்" என்றார்.

தலைமையாசிரியைக்கு விளங்கிவிட்டது. "உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கா?"

"கான்ட்ராக்ட்காரிக்கு என்ன அதிகாரம் மேடம். பெட்டி இந்தத் தாழ்வாரத்துச் செவுத்துல, பூட்டு இல்லாம இருக்கட்டும். காணோம்னா என்னைத்தான் கேப்பாங்க. உங்களை ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"அடுத்த வருஷம் உங்களைப் புதுப்பிக்க மாட்டாங்கம்மா."

"இருக்கலாம்."

உதவியாளர் கொண்டுவந்த பதிவேட்டை மடியில் விரித்து, விரலால் தடவி அந்த வரியைக் கண்டுபிடித்தார். தலைமையாசிரியையின் கையெழுத்து மேல் ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போட்டார். பக்கத்தில் தன் பெயரை எழுதினார், கிறுக்கலாக அல்ல, யாரும் படிக்கும்படி ஒவ்வோர் எழுத்தாக.