மாப்பிள்ளையின் கையும் மகளின் ரத்தமும்

மகளின் தொடையிலும் முழங்கைக்கு மேலும் ரத்தக்கட்டைப் பார்த்த அன்றே, மாப்பிள்ளைதான் அடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கள் மலையிலேயே பைல் நாட்டு ஊரிலிருந்து அரியூர் நாட்டு ஊருக்குக் கட்டிக்கொடுத்த பிள்ளை. கல்யாணமாகி ஆறு மாதம். கேட்டால், "அவரு அடிக்கலம்மா. மிளகு பறிக்கறப்ப ஏணி இடிச்சுது" என்பாள். எத்தனை நாளைக்கு ஏணி இடிக்கும்? நானும் முப்பது வருஷமாக மிளகு பறிக்கிறேன். என்னை ஒரு ஏணியும் இப்படி அடித்ததில்லை.

மாப்பிள்ளை அதிகம் பேசாத ஆள். அதுவே எனக்குச் சந்தேகம். எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்தில் வந்தால் சாராய வாடை வருகிறதா என்று மோந்து பார்ப்பேன். வராது. வெற்றிலை போட்டு மறைக்கிறான், திருட்டுப்பயல் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மகளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கி, இரண்டு நாளாகியும் ரத்தம் நிற்கவில்லை. "அத்தை, ரத்தம் செரியா உறையுதான்னு டெஸ்ட் எடுக்கோணும்ங்கறாரு டாக்டரு. நீங்களும் வாங்க" என்று அவனே வந்து கூப்பிட்டான். அடித்த கையாலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறானே, எத்தனை கெட்டிக்காரன்! விடக்கூடாதென்று நானும் பஸ் ஏறினேன்.

மலைக்குக் கீழே டவுன் லேப்பில் நீல மூடி போட்ட சின்னக் குழாய்களில் ரத்தம் எடுத்தார்கள். கோடு வரைக்கும் நிரப்பி, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினாள் ரத்தம் எடுத்த பெண்.

"இத்தனை குழாய் எதுக்கும்மா?"

"உறையறதுல எந்த எடத்துல கோளாறுன்னு தனித்தனியாப் பாக்கோணுங்க."

மகள் ஊசிக்குப் பயந்து தேம்பித் தேம்பி அழுதாள். மாப்பிள்ளை அவள் தலையைத் தடவிக்கொடுத்தான். அதுவும் எனக்கு நடிப்பாகத்தான் பட்டது.

ரிப்போர்ட் வந்தபோது, எல்லாம் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கிறது என்றார் டாக்டர். "ஆனா ரத்தம் உறைய ஒதவற ஒரு புரதம் இருக்குதும்மா. பயமோ அழுகையோ இருந்தா அது கூடிக் காட்டும், கொறை இருந்தாலும் மறைஞ்சுரும். ஒரு தடவ பாத்துட்டு முடிவு சொல்ல முடியாது. அடுத்த மாசம் மறுபடி எடுக்கலாம்."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு நான் எதையும் காதில் வாங்கவில்லை. ரத்தத்தில் குறை இல்லையென்றால் வேறு யாரிடம் குறை? பஸ் ஸ்டாண்டில் மகளின் கையைப் பிடித்து இழுத்து எங்கள் ஊர் பஸ்ஸில் ஏற்றினேன். "எம்புள்ள இனி உங்கூட்டுக்கு வரமாட்டா, போ!" என்று ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அன்று சாயங்காலமே பஞ்சாயத்து பேசும் ஊர்க்கவுண்டரிடம் போய், கல்யாண உறவை அத்துவிடச் சொல்லி முறையிட்டேன். அடுத்த மாதக் கடைசியில் கூட்டம் வைப்பதாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை மகள் தலை சீவிக்கொண்டிருந்தபோது சட்டைக் கை மேலே ஏறியது. நான்கு விரலும் கட்டைவிரலும் பதிந்த ரத்தக்கட்டு!

"மாட்டிக்கிட்டானா! இது ஏணியா? சொல்லுடி!"

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். "அது நீ புடிச்சதும்மா. பஸ் ஏத்தறப்ப."

பொய்தான் சொல்கிறாள் என்று என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது, என் கோணல் சுண்டுவிரல்கூட. ஐயோ சாமி, சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்கு நானே சொல்லி அனுப்பி, மறு மாதம் மூன்று பேரும் மறுபடி மலை இறங்கினோம். இந்த முறை அந்தப் புரதம் குறைவு என்று தெளிவாக வந்தது. லேசாகப் பட்டாலே ரத்தம் கட்டுமாம். பல் பிடுங்கவோ பிரசவத்துக்கோ போனால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம்.

"தப்பா நெனச்சுட்டேனுங்க மாப்ள" என்றேன். "செரிங்க அத்தை" என்றார் அவர், அவ்வளவுதான். மகள்தான் விடவில்லை. "நான் வாயால சொன்னப்பெல்லாம் நம்பல. காயிதத்துல வந்தாத்தான் நம்புவியா?" எனக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டத்தில் ஊர்க்கவுண்டர் முன்னால் எழுந்து, "மாப்ள கை வெக்கலீங்க. லேப்புல பாத்ததுல ரத்தத்துலதான் கொறைங்க. நாந்தான் பழி போட்டுட்டேன்" என்றேன். மாப்பிள்ளை வீட்டார் மிரட்டி அனுப்பியிருப்பார்களோ என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"லேப்புல குடுத்த பேப்பரு இருக்குதா? காட்டு பாக்கலாம்."

பேப்பர் என் பையில்தான் இருந்தது.

"பேப்பரு எதுக்குங்க? அடிக்கலைன்னு எம்புள்ள சொல்றா. அது பத்தாதுங்களா?"

பக்கத்தில் நின்ற மகள், "இப்பவாச்சும் சொன்னியே" என்றாள்.