காயா நாட்டு அத்தை

தண்ணீர் என்றால் எனக்குப் பயம். பதினெட்டு வயதில், யுத்தத்துக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேறக் கிளாலிக் கடலை ஒரு வள்ளத்தில் தாண்டினேன். பக்கத்து வள்ளத்தின் மேல் நேவியின் வெளிச்சம் விழுந்ததும் எல்லோரும் குனிந்துகொண்டோம். நிமிர்ந்தபோது அந்த வள்ளம் அங்கே இல்லை. லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும், பஸ் தேம்ஸ் நதியைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன். அப்படிப்பட்டவளின் ஒரே மகள் ஒரு நாள் கிங்ஸ்பரி வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு, தான் ஒரு கொரியப் பையனைக் கட்டப்போவதாகவும், அவனுக்குக் கொரியாவில், பூசான் நகரத்துக்குப் பக்கத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும் சொன்னாள்.

கொரியன் என்பதில் எனக்கு ஒன்றுமில்லை. இங்கேயே வளர்ந்த நல்ல பிள்ளை, என் மீன்குழம்பை மூக்கு வழிய வழியச் சாப்பிடுவான். பூசான்தான் என்னை அரித்தது. என் கணவர் போன பிறகு எனக்கென்று இருப்பவள் இவள் ஒருத்தி. அதனால் ஒரு நிபந்தனை போடுவது என்று முடிவெடுத்தேன். கலியாணம் நடக்கட்டும், ஆனால் இரண்டு பேரும் லண்டனில்தான் இருக்க வேண்டும். அதைப் பையனின் பெற்றோரிடம் முறையாகச் சொல்லத் தாய்மாமன் வேண்டுமே என்று, ஹவுன்ஸ்லோவில் இருக்கும் என் அண்ணையைக் கூப்பிட்டேன்.

அண்ணை பாரிஸில் பல வருடம் இருந்துவிட்டு இங்கே வந்து பலசரக்குக் கடை போட்டவர். கல்லாவில் உட்கார்ந்தபடி நாள் முழுக்க போனில் சரித்திர வீடியோ பார்ப்பார். உலகத்தில் எந்த இடத்தைத் தோண்டினாலும் அடியில் ஒரு தமிழன் இருப்பான் என்பது அவர் கொள்கை.

நியூ மோல்டனில் ஒரு கொரியச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தோம். பையனின் தகப்பன் அதிகம் பேசாத மனிதர். ஆங்கிலம் புரியும், ஆனால் முக்கியமான எதையும் தன் மொழியில்தான் சொல்வார், மகன் மொழிபெயர்ப்பான். பூசானுக்குப் பக்கத்தில் இருக்கும் தங்கள் சொந்த ஊர், காயா என்ற பழைய அரசு இருந்த இடம் என்றார் அவர். அவ்வளவுதான், அண்ணை கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"காயாவோ! அந்த நாட்டின்ர முதல் அரசி ஆரெண்டு நினைக்கிறியள்? எங்கட பிள்ளை!"

கதை எனக்கும் தெரியும். அண்ணை பலமுறை சொல்லிக் காது புளித்த கதை. கொரியாவின் தெற்கே, இரும்பு உருக்கி விற்றுப் பிழைத்த நாடு காயா. பிறகு சில்லா என்ற அயல் அரசு அதை விழுங்கிவிட்டது. காயாவின் முதல் அரசனைக் கட்டத் தூரதேசத்து இளவரசி ஒருத்தி கப்பலில் வந்தாள் என்று அவர்களுடைய பழைய ஏடு சொல்கிறது. முதல் தடவை கடல் கொந்தளித்துத் திரும்பி வந்துவிட்டாளாம். தகப்பன் ஒரு கல் கோபுரத்தைக் கப்பலில் ஏற்றி மறுபடி அனுப்பினான், கடல் அடங்கியது. அவள் வந்த தேசம் அயுத்தா என்கிறது ஏடு. அதைச் சிலர் அயோத்தி என்பார்கள். அண்ணையோ கன்னியாகுமரி என்பார், அந்த அரசனின் சமாதி வாசலில் செதுக்கிய, பாண்டியர் சின்னம் போன்ற இரட்டை மீனைச் சாட்சிக்கு இழுப்பார். உண்மை யாருக்குத் தெரியும்? நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டு தொடர்ந்தார்.

"அப்ப நீங்களும் நாங்களும் ஒரே இரத்தம்!"

பையன் மொழிபெயர்த்தான். தகப்பன் சிரிக்கவில்லை. இறைச்சி அடுப்பில் கருகியது, ஒருவரும் எடுக்கவில்லை. என் நிபந்தனையை எடுக்க வாயே வரவில்லை.

அதன் பிறகு அவர்கள் வீட்டிலிருந்து பேச்சு மூச்சு இல்லை. ஒரு மாலை பையன் தனியாக வந்து விஷயத்தைச் சொன்னான். அந்த அரசனும் அரசியும் பெற்ற பிள்ளைகளில் சிலர் தகப்பன் பெயரையும், சிலர் தாய் பெயரையும் எடுத்தார்களாம். இவன் குடும்பமும் அந்தப் பரம்பரைதானாம். அந்த இரண்டு பெயர்க்காரரும் இன்றைக்கும் ஒரே குடும்பம், தங்களுக்குள் கட்டமாட்டார்கள். "சட்டம் எல்லாம் எப்பவோ மாறிட்டுது அன்ரி. ஆனா அப்பா மாறேல்லை. நீங்களும் அரசியின்ர ஆக்கள் எண்டால் எப்பிடிக் கட்டுறது எண்டு கேக்கிறார்." கிங்ஸ்பரியில் சாப்பிட்டுச் சாப்பிட்டு அவனுக்கு எங்கள் தமிழே வந்துவிட்டிருந்தது.

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய ஒருத்தி வந்து என் மகள் கலியாணத்தில் குறுக்கே நிற்கிறாள்! அண்ணையைப் போனில் திட்டித் தீர்த்தேன். ஆனால் போனை வைத்ததும், கலியாணம் குழம்பினால் பூசானும் இல்லை என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைக் கண்டு எனக்கே பயம் பிடித்தது. மகள் சாப்பாட்டைத் தட்டோடு தள்ளிவிட்டு அறைக்குள் போய் இருந்தாள். அழுகிறாளா என்று கதவில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. அழுதால் ஆறுதல் சொல்லலாம். அந்த மௌனம் எனக்குக் கிளாலியை ஞாபகப்படுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். "ப்ளீஸ் அம்மா, மாமா மாதிரி ஒண்டும் கதைக்காதீங்கோ," என்றாள் காரில். கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

தகப்பன் தேநீர் ஊற்றிவிட்டு உட்கார்ந்தார். நான் பையனைப் பார்த்துச் சொன்னேன்: "அப்பாவிட்டச் சொல்லு. அந்த அரசி எங்கட ஆளோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஆனா எங்கட ஆள் எண்டால், நாங்கள் கட்டிக்குடுத்த பிள்ளை. எங்களுக்கு அத்தை. எங்கட வழக்கத்தில அத்தை பெத்த பெடியன்தான் உரிமை மச்சான். அவனுக்குத்தான் முதல்ல பெண் குடுக்கிறது."

பையன் மொழிபெயர்க்கத் தயங்கினான். மச்சானைக் கட்டுவதா என்று அவன் தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். தகப்பன் என்னைப் பார்த்த பார்வையில், வந்த காரியம் கெட்டுப்போனது என்றே நினைத்தேன். அவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

"எங்களுக்கு அவ தாய். உங்களுக்கு அத்தை. அத்தை வீட்டில இருந்து பெண் கேட்டால் நீங்கள் மறுக்க மாட்டியளோ எண்டு கேக்கிறார்."

"மறுக்க ஏலாது," என்றேன். ஏதோ பரீட்சையில் பாஸானவள் போல உடனே சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று, எனக்குத் தலை குனிந்து, நீளமாகப் பேசினார். கொரிய மொழி கொஞ்சம் தெரிந்த மகளின் கண் நிறைந்ததை முதலில் பார்த்தேன். பிறகுதான் பையனின் குரல் கேட்டது.

"அப்ப முறையாக் கேக்கிறாராம். உங்கட மகளை அந்த ஊருக்கே அனுப்புங்கோ எண்டு. அரசியின்ர சமாதிக்குக் கிட்டத்தான் எங்கட வீடு. அந்தக் கல் கோபுரமும் பக்கத்தில இருக்கு."

நிபந்தனை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கத் தேநீரைக் குடித்தேன், நாக்குச் சுட்டது.

கலியாணம் முடிந்து அவர்கள் புறப்படுகிற நாள், ஹீத்ரோவில் மகளின் பெட்டி நிறை கூடிவிட்டது. திறந்து பார்த்தாள். சேலைகளுக்கு நடுவில், மணவறையில் அவள் கால் வைத்து மிதித்த சின்ன அம்மிக் கல்.

"அம்மா! கல்லா? நான் கப்பல்லயா போறன்?"

"தெரியும்," என்றேன்.

வரிசையில் எல்லோரும் பார்க்க, அவள் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தந்தாள். கல்லை உள்ளேயே விட்டுப் பெட்டியை மூடினாள்.