எஸ்தருக்கு நான் கொடுத்த கூடுதல் வேலை

படிக்காத பிள்ளையை என்ன செய்வது என்று வாத்தியார் வேலையில் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். சட்டென்று படித்து முடித்துவிடும் பிள்ளையை என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்வதில்லை. பாடக்குறிப்பு நோட்டில் மட்டும் 'மீத்திறன் மாணவர்' என்று ஒரு கட்டம் போட்டிருப்போம். வாராவாரம் அதில் 'கூடுதல் செயல்பாடு வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவேன். நீங்களும் வாத்தியார் என்றால் அப்படித்தான், எனக்குத் தெரியும்.

ஒரகடம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். என் கட்டத்துக்குள் இருந்தவள் ஏழாம் வகுப்பு எஸ்தர். கெட்டிக்காரப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் பள்ளிக்கு அந்த வருஷக் கடைசியில் ஒரு தேர்வு இருந்தது. எஸ்தர் போய்விடுவாள் என்று எல்லோரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் மிஸ்?

பத்துக் கணக்கைப் போர்டில் எழுதிவிட்டுத் திரும்பினால் எஸ்தர் நோட்டை மூடியிருப்பாள். மற்றவர்கள் அப்போதுதான் தேதி எழுதுவார்கள். சும்மா இருந்தால் கேள்வி கேட்பாள். "மைனஸையும் மைனஸையும் பெருக்குனா ஏன் மிஸ் ப்ளஸ் வருது?" என்றாள் ஒருநாள். விதி அப்படி என்றேன். உண்மை என்னவென்றால் எனக்குத் தெரியாது. பி.எட். வரைக்கும் அதை யாரையும் கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

மூன்றாம் வகுப்பு டீச்சர் அன்றைக்கு லீவு. நல்லதாய்ப் போயிற்று என்று அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள இவளை அனுப்பினேன். வாசல்வரை போனவள் நின்று கேட்டாள்: "வந்தப்பறம் சொல்றீங்களா மிஸ்?"

பேசியவர் பெயர்

நான் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்பு மட்டும், அந்த டீச்சர் வராத நாளெல்லாம், அவள் தலையில் விழுந்தது. போர்டு துடைப்பது, மற்றவர்கள் நோட்டைத் திருத்துவது, எல்லாம் அவள்தான்.

தலைமையாசிரியர் அழைத்தார் என்று ஒருமுறை போனபோது, பேசுகிறவர்கள் பெயரைப் போர்டில் எழுதி வைக்க அவளிடம் சொல்லிவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் போர்டில் ஒரே பெயர், எஸ்தர். பக்கத்தில் மைனஸ் இரண்டின் வாய்ப்பாடு, மூன்றிலிருந்து கீழே இறங்கி, பூஜ்யத்தையும் தாண்டி, மைனஸ் ஒன்றால் பெருக்கினால் ப்ளஸ் இரண்டு என்பதுவரை. நான் பதில் சொல்லாத கேள்விக்கு அவளே பதில் கண்டுபிடித்திருந்தாள். பாராட்டியிருக்க வேண்டும். மணியாகிவிட்டது, துடை என்றேன். டஸ்டரை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "ஒவ்வொண்ணா கொறைச்சிக்கினே வந்தா தானா ப்ளஸ் ஆயிடுது மிஸ், அத்தத்தான் இவங்களுக்குச் சொல்லிக்கினு இருந்தேன்."

டார்கெட்

பொங்கலுக்குப் பிறகு அவள் கை மந்தமாகிவிட்டது. நோட்டைக் கடைசியாக வைப்பாள். அதிலும் நாலு தப்பு. தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. செல்போன்தான் காரணம் என்று நானே தீர்ப்பெழுதி அப்பாவை வரச்சொன்னேன்.

தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கார் பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி யூனிஃபார்மோடு வந்து நின்றார். பிள்ளை வளர்ப்பதைப் பற்றி நான் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வீட்ல நொடியில போடுதா மிஸ். லைன்ல வேகமா முடிச்சா சூப்பர்வைசர் டார்கெட்ட ஏத்திருவாருன்னு ஒருநா பேச்சுவாக்குல சொன்னேன், 'எங்க மிஸ்ஸும் அப்படித்தாம்ப்பா'ங்கா."

பாதித் தாள்

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளுக்குக் கொடுத்த எல்லா வேலையையும் அன்றைக்கே நிறுத்தினேன். ஆனால் ஏன் நிறுத்தினேன் என்று அவளிடம் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கக் கூச்சம். பிள்ளையிடம் போயா என்று ஒரு வறட்டு கௌரவம்.

தேர்வுக்கு நானே கூட்டிப்போனேன். திரும்பி வரும்போது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஏறியதும் கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். போட்ட கணக்குகளில் மட்டும் டிக் அடித்திருந்தாள். பாதிக்கு மேல் டிக் இல்லை. மற்றவர்கள் தேதி எழுதி முடிப்பதற்குள் அவள் போட்டுவிடக்கூடிய கணக்குகள். தெரியலையா என்று கேட்டேன்.

"தெரியும் மிஸ், எல்லாத்தையும் போட்டா அந்த ஸ்கூல்ல எத்தினி கிளாஸ பாத்துக்கச் சொல்வாங்களோன்னு வுட்டுட்டேன்."

அந்த வருஷம் முழுக்க என் பாடக்குறிப்பு நோட்டில் மீத்திறன் மாணவர் கட்டம் ஒரு வாரம்கூடக் காலியாக இருந்ததில்லை என்று தலைமையாசிரியர் என்னை எல்லோர் முன்னாலும் பாராட்டினார், நானும் எழுந்து நின்று வாங்கிக்கொண்டேன்.