பேப்பரில் மட்டும் இருந்த கைப்பிடி

என் மச்சினியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவளை நினைத்தாலே முதலில் வருவது எரிச்சல். அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் மனைவியின் தங்கை அவள். எங்கள் ஊரில் வியாழன்தோறும் வரும் நாலு பக்கப் பத்திரிகைக்கு நிருபர், ஆசிரியர், பிழை திருத்துபவர் எல்லாம் அவள் ஒருத்திதான். குழாய் உடைந்தது, தெருவிளக்கு மாற்றியது, நூலகத்துக்கு நாற்காலி வந்தது என்று எதையும் விடமாட்டாள். நான் பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே, பத்திரிகையை மடித்து வீடு வீடாகப் போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டாள்.

வீட்டில் அவளுக்குப் பெயர் முந்திரிக்கொட்டை. பத்திரிகை செவ்வாய்க்கிழமையே அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஊரில் திறப்பு விழாக்கள் நடப்பதோ புதன்கிழமை. அதனால் புதன்கிழமை நடக்கப்போவதைச் செவ்வாய்க்கிழமையே நடந்ததாக எழுதிவிடுவாள். பேசாத பேச்சுக்குக் கைதட்டல்கூட வாங்கிக் கொடுத்துவிடுவாள்.

"நடக்கலைன்னா என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டால், "நம்ம ஊர்ல புதுசா என்ன மாமா நடந்துடப் போகுது? போன வாரம் பேசினதைத்தான் இந்த வாரமும் பேசுவாங்க" என்பாள். அதில் உண்மை இருந்ததுதான் கொடுமை. பத்தொன்பது வருடத்தில் அவள் ஒரு திருத்தம் போட்டதில்லை.

எங்கள் தெருவிலிருந்து கீழே கடைத்தெருவுக்கு இறங்க அறுபத்தோரு படிகள். சுற்றிக்கொண்டு போனால் முக்கால் மணி நேரம். கீழே உள்ள மருத்துவமனையில் என் மனைவிக்குத் தொலைபேசி எடுக்கும் வேலை. இரண்டு வருடமாக அவளுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. எதிரில் வருவது யார் என்று குரலை வைத்தே சொல்லிவிடுவாள். படிதான் அவளை ஏமாற்றியது.

"எல்லாம் ஒரே சாம்பலா இருக்குங்க. ஒரு படி எங்க முடியுது, அடுத்தது எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியல. பிடிச்சுக்க ஒரு கம்பி இருந்தாப் போதும், நான் பாட்டுக்குத் தனியாப் போயிடுவேன்."

அவளுக்கு வேண்டியது அந்தத் தனியாகப் போவது மட்டும்தான். தங்கை எழுதி எழுதி, நகராட்சியைக் குடைந்தெடுத்து, கைப்பிடிக்கு ஒப்புதல் வாங்கிவிட்டாள். ஒரு திங்கட்கிழமை பொறியாளர் அவளிடம், "கம்பி வந்தாச்சும்மா, புதன்கிழமை மாட்டிடுவோம்" என்றாராம். போதாதா இவளுக்கு? வியாழன் காலை முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: 'படிக்கட்டுக்குக் கைப்பிடி அமைக்கப்பட்டது. பொதுமக்கள் மகிழ்ச்சி.'

அதை என் மனைவிக்கு உரக்கப் படித்துக் காட்டியவன் நான். படித்துவிட்டு, பத்திரிகை போட சைக்கிளில் கிளம்பிவிட்டேன். நான் திரும்புவதற்குள் அவள் தனியாகப் படிக்கட்டுக்குப் போய், நம்பிக் கையை நீட்டிக் காலை எடுத்து வைத்திருக்கிறாள். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. நாலு படி உருண்டாள். மணிக்கட்டில் சிராய்ப்பு, முழங்காலில் வீக்கம். எலும்பு தப்பியது.

கம்பி வேறு வார்டுக்குப் போய்விட்டதாம்.

மச்சினியும் நானும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். குமாஸ்தா நிதானமாகக் கோப்பைப் பிரித்தார்.

"வேலை முடிஞ்சுதுன்னு ஃபைலை மூடியாச்சும்மா."

"எங்க சார் முடிஞ்சுது? கம்பியே இல்லையே!"

அவர் கோப்பின் கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். பத்திரிகைத் துண்டை வெட்டி ஒட்டி, மேலே முத்திரையும் குத்தியிருந்தார்கள். "இது உங்க பேப்பர்தானே?"

திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல அவள் கோப்பை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு வெளியே நடந்தாள்.

அடுத்த வியாழன் கட்டம் கட்டித் திருத்தம் போட்டாள்: 'கைப்பிடி அமைக்கப்படவில்லை. எழுதியது எங்கள் தவறு.' அதை எடுத்துக்கொண்டு போனால், மூடிய கோப்பைத் திறக்க மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார் குமாஸ்தா. பொய்யை வெட்டி ஒட்டத் தெரிந்த கைக்கு உண்மையை ஒட்டப் பசை இல்லை!

அதன்பிறகு மூன்று மாதம் நான்தான் மனைவியின் கையைப் பிடித்து இறக்கினேன். "மூட்டை மாதிரி இறக்காதீங்க" என்று படிக்குப் படி சண்டை. தங்கையை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வியாழக்கிழமை பத்திரிகையைப் படித்துக் காட்டவா என்று நான் கேட்டால், "வேண்டாங்க" என்பாள். அதைக் கேட்ட நாளிலிருந்து மச்சினி எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை மனைவியை அழைத்துக்கொண்டு போனபோது, படிக்கட்டின் உச்சியில் ஒரு பெயிண்டர் இரண்டு டின்னோடு நின்றிருந்தார்.

"சார், இங்க கைப்பிடி எங்க இருக்கு? வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கணும்னு நகராட்சியில அனுப்பியிருக்காங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கண்டக்டராக இருந்தபோதுகூடப் பேசாததையெல்லாம் பேசினேன். பெயிண்டர் பாவம், "நான் என்ன சார் பண்ணுவேன்? டின்னைத் திருப்பி எடுத்துட்டுப் போனா, ஏன் வேலை பாக்கலன்னு என்னைத்தானே கேப்பாங்க" என்றார்.

மனைவி என் கையை விட்டுவிட்டு, "என்ன கலருப்பா?" என்று கேட்டாள்.

"மஞ்சள்ம்மா. பளிச்சுன்னு இருக்கும்."

"அப்ப ஒண்ணு பண்ணு. ஒவ்வொரு படியோட ஓரத்துலயும் நாலு விரல் அகலத்துக்குப் பட்டை அடி."

"கைப்பிடின்னுல்ல எழுதிக் குடுத்திருக்காங்க?"

"எனக்கு இதுதான்பா கைப்பிடி."

செவ்வாய் மாலை வேலை முடிந்தது. ஒரு நாள் காய வேண்டும், வியாழன் காலை இறங்குவேன் என்றாள் மனைவி. அச்சகத்திலிருந்து போன் மேல் போன். மச்சினியிடம், "எழுதிட்டியா?" என்றேன்.

"இல்ல மாமா. அக்கா இறங்கட்டும்."

"பேப்பர் வெள்ளிக்கிழமை போனா வீடு வீடாப் பேச்சு வாங்கறது நான்தான், தெரியுமில்ல?"

"வாங்குங்க" என்றாள்.

வியாழன் காலை, மேலே நிற்க வேண்டியது, அசையக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மச்சினி கீழே நோட்டும் பேனாவுமாக நின்றாள். என் மனைவி இறங்கினாள். பாதி வழியில் ஒரு படியில் மரத்தின் நிழல் விழுந்து பட்டையை மறைத்திருந்தது. கால் அங்கே தயங்கியது. கீழே மச்சினி ஓடி வர எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். மனைவி குனிந்து ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து, தொடர்ந்து இறங்கினாள்.

அறுபத்தோராவது படியும் முடிந்தது. அவள் தங்கையிடம் சொன்னது மேலே நின்ற எனக்கே கேட்டது.

"இப்ப எழுதுடி, முந்திரிக்கொட்டை. நாளைக்கு மாமாவைப் படிச்சுக் காட்டச் சொல்றேன்."