மெனி வாட்டர்

என் அத்தைக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது நான்தான். அப்போது எனக்குப் பத்து வயதுகூட முடியவில்லை. அந்தமானில், பாராடாங் தீவில் எங்கள் வீட்டுக்கும் படகுத்துறைக்கும் நடுவில் ஒரு பாக்குத் தோப்புதான். அப்பா ரோடு போடும் ஆபீசில் கிளார்க். அத்தை அப்பாவின் தங்கை. தாத்தா போனபிறகு திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி எங்களோடு வந்து சேர்ந்தவள்.

பம்பாயில் வேலை பார்க்கும் ஒரு மாப்பிள்ளை அத்தையைப் பெண் பார்க்க வருகிறார் என்று தகவல் வந்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்யாணம் என்றால் மெயின்லேண்டில்தான். மெயின்லேண்ட் என்றால் கப்பல். கப்பலைவிட்டு இறங்கினால் ரயில். தீவிலேயே பிறந்த நான் ரயிலைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். கூடப் படிக்கிற பெங்காலிப் பெண்களிடமும் தெலுங்குப் பெண்களிடமும் ரயிலில் ஜன்னல் ஓரம் எனக்குத்தான் என்று சொல்லியும் ஆயிற்று. அந்தக் கல்யாணம் நடக்காவிட்டால் நான் பள்ளிக்கூடத்துக்கு எந்த முகத்தோடு போவது?

ஒரே ஒரு இடைஞ்சல். பம்பாயில் குடித்தனம் செய்யப்போகிறவளுக்கு நாலு வார்த்தை இங்கிலீஷ் வரவேண்டும், நேரிலேயே பேசிப் பார்க்கிறேன் என்று மாப்பிள்ளை சொல்லியனுப்பியிருந்தார்.

"ஏளா, எட்டாவது வரைக்கும் படிச்சியே, இங்கிலீஷ் ஞாபகம் இருக்கா?" என்று அப்பா கேட்டார்.

"படிச்சதை எல்லாம் வர வழியில கப்பல்ல வாந்தி எடுத்துட்டேன்ணே" என்றாள் அத்தை.

நான் சொல்லித்தருகிறேன் என்று முந்திக்கொண்டேன். வகுப்பில் அந்தச் சமயத்தில்தான் மெனியும் மச்சும் நடந்துகொண்டிருந்தது. எண்ண முடிந்தால் மெனி, எண்ண முடியாவிட்டால் மச். இந்த ஒரு சட்டம் எனக்குத் தலைக்கேறிவிட்டது. கண்ணில் படுவதையெல்லாம் இரண்டு கட்சியாகப் பிரித்துக்கொண்டு திரிந்தேன். தேங்காய் மெனி, தேங்காயெண்ணெய் மச். நண்டு மெனி, சேறு மச். கொசு மெனி, உட்கார்ந்து எண்ண யாரும் தயாராக இல்லை என்றாலும். மழை மச். சர்க்கரையும் மச்தான், கப்பல் வரத் தாமதமானால் லிட்டில்.

அத்தை முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது முதல் பாடம் நடந்தது.

"அரிசி?" என்றேன்.

"மச்."

"அரிசியில கெடக்க கல்லு?"

"மெனி." முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏட்டி, இது நம்ம எத்தனை, எவ்வளவுதானே. தேங்காய் எத்தனை, எண்ணெய் எவ்வளவு. இதையா உங்க டீச்சர் இத்தனை நாளா நடத்துதா?"

நாள் முழுக்கத் தமிழ் பேசுகிற எனக்கு இது தோன்றவே இல்லை. ஃபியூவும் லிட்டிலும் அன்று சாயங்காலமே முடிந்தன. அதற்குப்பிறகு அத்தையை நான் சும்மா விடவில்லை. கிணற்றடியில் கேட்டேன், அவள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.

உப்பங்கழிக்கு அந்தப் பக்கம் இருந்த கடைக்கு, வருகிறவர்களுக்காகச் சாமான் வாங்கப் போனபோது படகிலும் பரீட்சை வைத்தேன். எஞ்சின் படகை ஓட்டும் செராங் ஒரு மலையாளி. தீவில் எல்லாரும் எல்லாரிடமும் பேசுகிற மாதிரி எங்களிடம் இந்திதான் பேசுவார். எத்தனையும் எவ்வளவும் அவருக்கு ஒரே கித்னாதான். கித்னா ஆத்மி, கித்னா டீசல். எங்களிடம் மட்டும் படகுக்கூலி வாங்கமாட்டார். அப்பா ஆபீசில் வேலை பார்ப்பதால் வந்த மரியாதை என்று நான் நினைத்திருந்தேன்.

அன்று எங்கள் பாடத்தைச் சிரித்துக்கொண்டே கேட்டவர், "யே சப் கிஸ் லியே?" என்றார். இதெல்லாம் எதற்காக என்றால் சொல்லாமல் இருப்பேனா? பம்பாய் மாப்பிள்ளை, கப்பல், ரயில், ஜன்னல் ஓரம் எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த இந்தியில் கொட்டினேன். "அச்சா" என்றார். முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். துறைக்கு வந்ததும் அடிக்கிற ஹாரனைக்கூட அடிக்க மறந்துவிட்டார். பாவம், அவரும் ரயிலில் போனதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையும் அவருடைய தாய்மாமனும் வந்தார்கள். போர்ட் பிளேரில் நிற்கிற கப்பல் கிளம்புவதற்குள் திரும்பியாகவேண்டும், அதனால் பார்ப்பதும் முடிவு சொல்வதும் அன்றைக்கே. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் இருக்கவேண்டும் என்பது எனக்கு உத்தரவு.

அத்தை டீ கொண்டுபோய் வைத்தாள். மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த ஊரில் நல்ல தண்ணீர் கிடைக்குமா என்று இங்கிலீஷில் கேட்டார். நல்ல மாதிரியான மனுஷர், கேள்வியும் லேசுதான். அத்தை தலையை நிமிர்த்தித் தெளிவாகச் சொன்னாள்:

"மெனி வாட்டர்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஹவ் மெனி பிரதர்ஸ்?" என்றார் அவர்.

"மச் பிரதர்" என்று அத்தை தன் ஒரே அண்ணனைக் காட்டினாள். அப்பா மோட்டுவளையைப் பார்த்தார்.

கப்பல் போகிறது, ரயில் போகிறது, ஜன்னல் ஓரமும் போகிறது. உத்தரவாவது ஒன்றாவது என்று நான் கூடத்துக்கு ஓடினேன். "அத்தைக்குத் தெரியும். நேத்து முழுக்க எல்லாம் சரியாச் சொன்னா. இன்னொரு தடவை கேளுங்க மாமா, சொல்லிருவா."

அப்போதுதான் அத்தையின் முகம் முதல்முறையாக வெளிறியது. என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ கெஞ்சல் இருந்தது. சமயத்தில் வந்து காப்பாற்றினாய் என்கிறாள் போல என்று நானும் தைரியமாகத் தலையாட்டினேன்.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே சர்க்கரைக் கிண்ணத்தைக் காட்டினார். அத்தை மூச்சை இழுத்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள். "மெனி சுகர்" என்று ஒரு கரண்டி போட்டாள். "மெனி, மெனி" என்று சொல்லிச்சொல்லி மேலும் மேலும் போட்டாள். கடையில் சர்க்கரை தட்டுப்பாடாக இருந்த நேரம் அது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அடுக்களை வாசலில் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள், தோள் குலுங்கியது. அம்மாவே அழுகிறாள் என்று பார்த்ததும் நானும் அழ ஆரம்பித்தேன்.

அழுகையை நிறுத்துவதற்காக மாப்பிள்ளை என்னிடமும் சில கேள்விகள் கேட்டார். விம்மிக்கொண்டே எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னேன். "சின்னவ பொழச்சுக்கிடுவா" என்றார் தாய்மாமன். பிறகு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பம்பாய்ல பிள்ளை சிரமப்படும். தப்பா நினைச்சுக்கிடாதீங்க" என்று சொன்னார். இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள்.

"தண்ணிக்கும் தேங்காய்க்கும் வித்தியாசம் தெரியாதவளா நீ?" என்று அப்பா கேட்டார்.

"பயத்துல நாக்கு குழறிட்டுண்ணே" என்றாள் அத்தை. அன்று ராத்திரி அவள் இரண்டுதடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். துக்கத்தில் சிலருக்கு அப்படிப் பசிக்கும்போல.

மறுநாள் சாயங்காலம், சோப்பு தீர்ந்துவிட்டது, அக்கரைக்குப் போய் வாங்கி வரலாம் என்று என்னைக் கூப்பிட்டாள். கிணற்றடியில் பிரிக்காத சோப்பு ஒன்று இருந்ததை நான் பார்த்திருந்தேன். ஆனாலும் படகுச் சவாரியை யார் விடுவார்கள்?

படகில் எங்களைத் தவிர ஆள் இல்லை. செராங் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "க்யா ஹுவா?" என்று முந்தினநாள் நடந்ததைக் கேட்டார்.

"தண்ணி இருக்கான்னு அவங்க கேட்டாங்க" என்று அத்தை இந்தியில் சொன்னாள். "மெனி வாட்டர்னு சொன்னேன்."

அவருக்கு விளங்கவில்லை. அதனால் என்ன என்கிற மாதிரி "தோ?" என்றார்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கள் டீச்சர் மாதிரியே விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினாள். "மெனி வாட்டர் ராங். மச் வாட்டர். மெனி போட்ஸ். மச் டீசல். மெனி பாசஞ்சர்ஸ்."

செராங் அவள் பக்கம் திரும்பினார். பிறகு சிரித்தார் பாருங்கள், சுக்கானைப் பிடிக்க மறந்து படகு அலையாத்திக் காட்டைப் பார்த்து மூக்கைத் திருப்பிவிட்டது.

அவ்வளவு கோபம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை. நேற்று எங்கே போயிருந்தது இந்த மச்? இந்த ஒரு வார்த்தையை நேற்றுச் சொல்லியிருந்தால் இந்நேரம் நான் ரயிலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கமாட்டேனா? இனிமேல் இவளுக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லித்தருவதில்லை, இரண்டு பேரிடமும் பேசப்போவதும் இல்லை என்று தீர்மானித்துப் படகின் முன்மூலைக்குப் போனேன். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். யாராவது வந்து சமாதானம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். யாரும் வரவில்லை. பின்னால் எஞ்சின் சத்தம் குறைந்து, படகு மெதுவாக, மிக மெதுவாகப் போயிற்று. அக்கரை வரும்வரை நான் திரும்பியே பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் சரியான தண்டனை என்று நினைத்துக்கொண்டேன்.