ஆள் சத்தம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் காலை பஸ்ஸில் மாரிக்கனியிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை. ஜவுளிக்கடை வேலைக்குத் தினமும் நின்றுகொண்டே போகிறவள். முழங்கை பட்டால் போதும், "நாட்டுல உள்ள சனம் அம்புட்டும் இந்த பஸ்ஸுலதான் ஏறணுமா?" என்று ஆரம்பித்துவிடுவாள். கண்டக்டரே சற்றுத் தள்ளி நின்றுதான் டிக்கெட்டை நீட்டுவார்.

அன்று பஸ் கிளம்பியதும் கணவன் வேல்பாண்டி போன் செய்தான். பேண்டேஜ் துணி லோடு ஏற்றிக்கொண்டு முதல் தடவையாக ராஜஸ்தான் போயிருந்த லாரி டிரைவர்.

"ஏட்டி, ஜெய்சல்மேர் தாண்டி லாரி நின்னுபோச்சு. ஒரு ஈ காக்கா இல்ல. தண்ணியும் தீரப்போவுது."

"அதுக்கு உள்ளயே உக்காந்துருந்தா ஆச்சா? நேரா நடங்க. செத்த தூரத்துல ஒரு ஊரு, ஒரு டீக்கடை இல்லாமலா போயிரும்?"

"அதுவுஞ் சரிதான்," என்றான். சிக்னல் போய்விட்டது.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சோழபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் பார்த்த ரோட்டிலெல்லாம் ஓர் ஊர் முடிவதற்குள் அடுத்த ஊரின் பலகை வந்துவிடும்.

அவள் நின்ற இடத்துக்கு அருகே சீட்டில் இருந்த உக்கிரபாண்டி பட்டாளத்தில் இருந்தபோது அந்த மணல்காட்டில் காவல் நின்றவர். போனில் வந்த பேச்சும் காதில் விழ, சட்டென்று திரும்பினார்.

"என்ன தாயி சொல்லிட்டே? அங்கன நாளெல்லாம் நடந்தாலும் ஒரு குடிசை வராது. இந்த வெயில்ல வண்டி நிழலை விட்டவன் பிழைக்க மாட்டான். நடக்க வேண்டாம்னு சொல்லு, சீக்கிரம்!"

மாரிக்கனி உடனே போனை எடுத்தாள். திரும்பத் திரும்ப அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே பதில் வந்தது. என் வாயாலேயே அவரைச் சாகச் சொல்லிவிட்டேனே என்று தவித்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவள் நடுவிலேயே நின்றுவிட்டாள். கூட்டம் இடித்துக்கொண்டு போனது. யாரையும் அவள் திட்டவில்லை.

கடைசியில் ஏதோ புது நம்பரிலிருந்து போன் வந்தது.

"ஏட்டி, நான்தான்."

"நடந்தீங்களா?" அலறினாள்.

"நடந்தேன். திரும்பிப் பாத்தா லாரி தீப்பெட்டி கணக்கா கிடக்கு. முன்னால வானந்தான், வேற ஒண்ணுமே இல்ல. பயந்து லாரிக்கே ஓடியாந்துட்டேன். பொறவு ஒரு மிலிட்டரி வண்டி வந்துச்சு. அவியதான் தண்ணி குடுத்தாக. இது அவிய போனு. அங்கன என்ன சத்தம்?"

"பஸ் ஸ்டாண்டுல சனம்."

"போனை வச்சுறாதே. செத்த நேரம் கேட்டுக்கிடுதேன்."

மாரிக்கனி அழுதுகொண்டே போனைக் கூட்டத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.